மூடிவிட்டேன் என்றேன்

வானொலியில் அந்தப் பெண் சொன்னாள்:
வித்ஸெமெ மேட்டில் இன்றிரவு
பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு.
உருளைக்கிழங்கு விலையையும்
அதே குரலில்தான் சொன்னாள்.

உண்மையைச் சொல்கிறேன்,
எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூலையிலிருந்து சுக்கினி காய்க்கிறது.
ஒருநாள் பார்க்காமல் விட்டால் முழங்கை நீளம்,
இரண்டுநாள் விட்டால்
இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.
தபால்காரி பைபா மூன்று முறை வாங்கிக்கொண்டாள்.
நான்காம் முறை
கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு
சைக்கிளில் பறந்தாள்.
தன் கோழிகளே இப்போது முகம் திருப்புவதாக
எதிர்வீட்டு ஐவார்ஸ் சொல்லியனுப்பினார்.

ஐந்து மாதம் நீர் சுமந்த தோள்.
நத்தை பொறுக்கிய விரல்.
பனி வந்து
போதும், எழுந்து உள்ளே போ என்றால்
வேண்டாமென்பேனா?

ஒன்பது மணிக்கு ஸ்கைத்ரீதெ அழைத்தாள்,
மருத்துவமனையில் இரவுப்பணி.
பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள்.
"மூடிவிட்டாயா?"
"மூடிவிட்டேன்" என்றேன்.
"குடைமிளகாயை?"
"அதைத்தான் முதலில்."
பொய்க்கு ஒரு சட்டை தைத்தால்
அது பொத்தானும் கேட்கிறது.

பதினொன்றுக்கும் தூக்கம் வரவில்லை.
வெளியே வந்தேன்.
நட்சத்திரங்கள் அநியாயத்துக்குத் தெளிவு,
ஒரு துண்டு மேகம் இல்லை.
மூடாத பாத்திரத்தில் பால் ஆறுவதுபோல்
மண்ணின் சூடு மேலே போய்க்கொண்டிருந்தது.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அலமாரியைக் காலி செய்தேன்.
தக்காளிக்கு இரண்டு படுக்கைவிரிப்பு.
வெள்ளரிக்கு
விருந்து நாளுக்கென்று அவள் மடித்துவைத்த மேசைவிரிப்பு.
பீன்ஸுக்கு எதுவும் போதவில்லை.
குடைமிளகாய்க்கு, வேறு வழியில்லை,
அவளுடைய நீலக் குளியல் அங்கி.
கைகளிரண்டையும் செடிக்குப் பின்னால்
இறுக்கி முடிச்சுப் போட்டேன்.
இருட்டில் அது
குள்ளமாய் ஒரு ஸ்கைத்ரீதெ
முதுகு காட்டிக் குந்தியிருப்பதுபோல் இருந்தது.
அதனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு சாக்கு மிச்சம்.
சுக்கினியின் முன்னால் அதை வைத்துக்கொண்டு
நின்றேன் கொஞ்சநேரம்.
பிறகு சாக்கை
என் தோளில் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன்.

விடிந்தபோது
காலடியில் புல் அப்பளமாய் நொறுங்கியது.
பீன்ஸ் கொடி கண்ணாடி.
சுக்கினி இலைகள் அப்படியே விரிந்து
வெள்ளை விளிம்போடு நின்றன, நேற்றைவிட அழகாக.
தப்பித்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.
வெயில் வந்து தொட்ட பிறகுதான்
வேகவைத்த கீரைபோல் கறுத்துச் சரிந்தது.
நடுவில் விரலளவு ஒரு பிஞ்சு,
முனையில் பூவோடு.
பைபாவுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம்,
எனக்கும் வேண்டாம் என்று
நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் நேற்றுவரை.

எட்டு மணிப் பேருந்தில் அவள் வந்தாள்.
படலைத் திறந்தவள்
பலகையாய் விறைத்திருந்த தன் அங்கியைப் பார்த்தாள்.
வாசலில் சேறு அப்பிய என் செருப்பைப் பார்த்தாள்,
மேசையில் பிரிக்காமல் கிடந்த என் இரவுச் சாப்பாட்டைச்
சன்னல் வழியே பார்த்தாள்.
நோயாளியின் அட்டையை வாசிப்பதுபோல்
ஒவ்வொன்றாக.

அங்கியின் ஓரத்தைத் தூக்கினாள்.
பதினோரு காய்கள், பச்சையாக,
வியர்த்துக்கொண்டு.

எதுவும் கேட்கவில்லை.
கேல் பாத்திக்குப் போய் ஓர் இலையை ஒடித்து
தொடையில் தட்டிப் பனியை உதறி மென்றாள்.
பாதியை என் வாயில் திணித்தாள்.
"இனிப்பு ஏறிவிட்டது" என்றாள்.
போன வாரம்வரை அது
கசந்துகொண்டிருந்த கீரை.

அவள் தூங்கப் போனதும்
அங்கியைச் செடியோடு இழுக்காமல் மெல்ல உருவி
அடுப்பருகே நாற்காலிக்கு மாட்டினேன்.
முடிச்சு அவிழவில்லை.
நகம் வலிக்கப் பார்த்தேன்,
பல்லால் பார்த்தேன்.
பனி உருகித் தரையில் சொட்டி
ஒரு சின்னக் குளம் கட்டி
அதற்கப்புறம்தான்
கொஞ்சம் கொடுத்தது.